டாக்டர் செல்போனைப் பார்த்தால் கோபப்படாதீர்கள்!

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபது வயது. குடலிறக்கம். "ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள்.

நாள் குறித்தாயிற்று. மகன் லீவு போட்டான். மகள் வெளியூரிலிருந்து பிள்ளைகளுடன் வந்தாள். காலையில் பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். துணைக்கு நானும் போனேன்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். இளம் வயது. பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தார்.

"ஐயா, தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?"

"சர்க்கரைக்கு ஒன்று. பிரஷருக்கு ஒன்று."

"வேறு?"

"நெஞ்சுக்கு ஒன்று உண்டு. ரோஸ் நிறம். சின்னதாக இருக்கும்."

"போன வாரம் பரிசோதனைக்கு வந்தபோது அதைச் சொல்லவில்லையே?"

"அது ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறதுதானே, தம்பி!"

பெரியவரின் மனைவி பையைத் துழாவினார். மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். "இதுதான் தம்பி. நேற்று ராத்திரிகூடக் கொடுத்தேன்" என்றார்.

டாக்டர் அட்டையில் இருந்த பெயரைப் படித்தார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். எதையோ தேடினார். இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"ஐயா, இன்றைக்கு ஆபரேஷன் வேண்டாம். இந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது முதுகில் ஊசி போடக் கூடாது. உங்கள் இதய டாக்டரைக் கலந்துகொண்டு வேறு நாள் வைப்போம்."

மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. வராந்தாவுக்கு வந்து என்னிடம் பொரிந்து தள்ளினான்.

"பார்த்தீர்களா மாமா! இந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. செல்போனைப் பார்த்து வைத்தியம் செய்கிறார். இதற்கா இத்தனை வருஷம் படித்தார்?"

நான் அவனிடம் அன்று சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்லுகிறேன். அந்த டாக்டர் செய்தது சரி. நூற்றுக்கு நூறு சரி!

ரத்தம் ஏன் உறைகிறது?

கையில் கத்தி பட்டால் ரத்தம் வருகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகவே நின்றுவிடுகிறது. ஏன்? ரத்தம் உறைந்து, கட்டியாகி, ஓட்டையை அடைத்துவிடுகிறது. இப்படி உறையாவிட்டால், சின்னக் காயம் பட்டாலும் பெரிய ஆபத்து.

ஆனால், இதே ரத்தம் உடம்புக்கு உள்ளே, குழாய்க்குள் உறைந்தால்? அதுவும் ஆபத்துதான். நெஞ்சில் குழாய் அடைத்தால் மாரடைப்பு. மூளையில் அடைத்தால் பக்கவாதம். காலில் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறல். உயிரே போகலாம்.

இந்த ஆபத்து உள்ளவர்களுக்கு, ரத்தம் எளிதில் உறையாமல் இருக்க மருந்து கொடுக்கிறார்கள். "ரத்தத்தை இளக்கும் மாத்திரை" என்று சிலர் சொல்லுகிறார்கள். இதைக் கேட்டு, "ரத்தம் தண்ணீராகிவிடுமோ?" என்று பயப்பட வேண்டாம். ரத்தம் அப்படியேதான் இருக்கும். உறைவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். அவ்வளவுதான்.

யார் யார் இதைச் சாப்பிடுகிறார்கள்? நெஞ்சில் "ஸ்டென்ட்" வைத்தவர்கள். மாரடைப்போ பக்கவாதமோ வந்து பிழைத்தவர்கள். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்கள். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்கள்.

திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் "சித்ரா வால்வு" என்ற செயற்கை வால்வை உருவாக்கியது. அது 1990இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. இதுபோன்ற உலோக வால்வு வைத்துக்கொண்டவர்கள் ஆயுள் முழுவதும் இந்த மாத்திரையை விழுங்க வேண்டும். ஒரு நாளும் மறக்கக் கூடாது.

மாடு செத்த கதை

இந்த மருந்துகளில் பழைய மருந்து ஒன்றுக்கு "வார்பரின்" என்று பெயர். அது பிறந்த கதை விநோதமானது.

1920களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கொம்பு சீவினால் ரத்தம் நிற்காது. கன்று போட்டால் ரத்தம் நிற்காது. கெட்டுப்போன தீவனப்புல்லைத் தின்ற மாடுகளுக்குத்தான் இந்த நோய் வந்தது.

1933 பிப்ரவரி மாதம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் கடுமையான பனிப்புயல். எட் கார்ல்சன் என்ற விவசாயி தன் வண்டியில் செத்த கிடாரியை ஏற்றினார். உறையாத ரத்தத்தை ஒரு பால் கேனில் பிடித்தார். கெட்டுப்போன புல்லையும் ஒரு கட்டு எடுத்துக்கொண்டார். சுமார் 300 கிலோ மீட்டர் பயணம் செய்து மாடிசன் நகருக்குப் போனார். அங்கே பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியைப் பார்த்தார். "இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்று கேட்டார்.

லிங்க் அன்று வழி சொல்ல முடியவில்லை. ஆனால் அவரும் அவருடைய மாணவர்களும் விடாமல் ஆராய்ந்தார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1939இல், அந்தப் புல்லில் இருந்த பொருளைப் பிரித்து எடுத்தார்கள். அதன் வழியாகப் பிறந்ததுதான் வார்பரின்.

முதலில் அது எலி மருந்தாக 1948இல் விற்பனைக்கு வந்தது! 1954இல் மனிதர்களுக்கு மருந்தாக அனுமதிக்கப்பட்டது. 1955இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது, அவருக்கும் இந்த மருந்து கொடுக்கப்பட்டது.

எலியைக் கொன்ற பொருள் ஜனாதிபதியைக் காக்கும் மருந்தாயிற்று. இதிலிருந்து ஒன்று தெரிகிறது. அளவோடு இருந்தால் அமுதம். அளவு தவறினால் நஞ்சு.

இன்று வார்பரின் மட்டும் இல்லை. நம் நாட்டில் அதன் தம்பியான "அசினோகுமரால்" அதிகம் வழங்குகிறது. "ஆஸ்பிரின்", "குளோபிடோகிரெல்" இருக்கின்றன. 2008 முதல் "டாபிகாட்ரான்", "ரிவராக்சபான்", "அபிக்சபான்" என்று புதிய மாத்திரைகள் வந்துள்ளன. "ஹெப்பாரின்" வகை ஊசிகளும் உண்டு. பெயரைப் படிக்கவே நாக்கு சுளுக்கிக்கொள்ளும்!

முதுகில் ஊசி போடும்போது

ஆபரேஷன் என்றால் உடனே முழு மயக்கம் என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை. இடுப்புக்குக் கீழே செய்யும் பல ஆபரேஷன்களுக்கு, முதுகில் ஒரு ஊசி போட்டுக் கால்களையும் வயிற்றையும் மரத்துப்போகச் செய்கிறார்கள். நோயாளி விழித்துக்கொண்டே இருப்பார். வலி தெரியாது.

ஆகஸ்ட் பியர் என்ற ஜெர்மன் டாக்டர் 1898இல் இதைச் செய்து காட்டினார். இன்று உலகம் எங்கும் செய்கிறார்கள். நல்ல முறை. வயதானவர்களுக்கும், பிள்ளை பெறும் தாய்மார்களுக்கும் மிகவும் உதவுகிறது.

ஆனால் இங்கே ஒரு சங்கதி இருக்கிறது.

முதுகெலும்புக்குள் ஒரு குழல் போன்ற இடம். அதற்குள் நரம்புகள். சுற்றிலும் எலும்பு. அந்தக் குறுகிய இடத்தில் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களும் உண்டு. ஊசி போகும்போது ஒரு குழாயில் பட்டுவிட்டால், சாதாரண மனிதருக்கு ஒரு சொட்டு கசியும். உடனே உறைந்து நின்றுவிடும்.

ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட்டவருக்கு? கசிந்துகொண்டே இருக்கும்.

கையில் கசிந்தால் வெளியே வரும். துணி வைத்து அழுத்தலாம். முதுகெலும்புக்குள் கசிந்தால் வெளியே வர வழி இல்லை. அங்கேயே தேங்கும். நரம்பை நசுக்கும். கால் இரண்டும் செயல் இழந்துபோகலாம். அந்த ரத்தத்தைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் பிழைத்தது. கால் செயல் இழந்த எட்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் குணமாகும் வாய்ப்பு அதிகம் என்று 1994இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. நேரம் ஆக ஆக, வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

பயப்படாதீர்கள். இது மிக மிக அபூர்வம். லட்சம் பேருக்கு ஊசி போட்டால் ஒருவருக்குக்கூட வராமல் போகலாம். ஆனால், ரத்தம் உறையாத மருந்து உடம்பில் இருந்தால் இந்த அபூர்வம் அபூர்வமாக இருக்காது.

அமெரிக்காவில் இது நடந்தது. 1993இல் அங்கே "எனாக்சபாரின்" என்ற புதிய ஊசி மருந்து வந்தது. மருந்து நல்ல மருந்து. ஆனால் அதைப் போட்டுக்கொண்டவர்களில் பலருக்கு, முதுகில் ஊசி போட்ட பிறகு முதுகெலும்புக்குள் ரத்தம் கட்டியது. சிலர் நடக்க முடியாமல் போனார்கள். 1997 டிசம்பரில் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது.

நிறுத்தினாலும் ஆபத்து!

"அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிட்டால் போயிற்று!" என்று நினைக்கிறீர்களா?

அங்கேதான் தப்பு!

அந்த மாத்திரையைச் சும்மா கொடுக்கவில்லை. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளாமல் இருக்கக் கொடுத்திருக்கிறார்கள். வால்வு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கொடுத்திருக்கிறார்கள். பக்கவாதம் வராமல் இருக்கக் கொடுத்திருக்கிறார்கள். நாமாக நிறுத்தினால், எதற்குப் பயந்து மாத்திரை சாப்பிட்டோமோ, அதுவே வந்து நிற்கும்.

சாப்பிட்டால் ரத்தம் நிற்காத ஆபத்து. நிறுத்தினால் ரத்தம் உறையும் ஆபத்து. டாக்டரின் நிலை இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை. எத்தனை நாள் நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதைச் சரியாகக் கணக்குப் போட வேண்டும்.

அந்தக் கணக்கு ஒரே மாதிரி இருந்தால் மனப்பாடம் செய்துவிடலாம். அப்படி இல்லை. முதுகில் ஊசி போடுவதற்கு முன் இருக்க வேண்டிய இடைவெளியைப் பாருங்கள்:

வார்பரின் என்றால் ஐந்து நாள். அதோடு "ஐ.என்.ஆர்." என்ற ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்க வேண்டும்.

குளோபிடோகிரெல் என்றால் ஐந்து முதல் ஏழு நாள்.

பிரசுகிரெல் என்றால் ஏழு முதல் பத்து நாள்.

ரிவராக்சபான், அபிக்சபான் அதிக அளவில் சாப்பிட்டால் 72 மணி நேரம்.

எனாக்சபாரின் ஊசி சின்ன அளவு என்றால் 12 மணி நேரம். பெரிய அளவு என்றால் 24 மணி நேரம்.

டாபிகாட்ரான் என்றால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.

ஆஸ்பிரின் மட்டும் என்றால், பெரும்பாலும் தடை இல்லை!

இவ்வளவும் ஊசி போடுவதற்கு முன்னால். முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து விட்டால், அந்தக் குழாயை எடுக்க ஒரு கணக்கு. மறுபடி மாத்திரை தொடங்க இன்னொரு கணக்கு. இரண்டு மருந்து சேர்த்துச் சாப்பிட்டால் வேறு கணக்கு.

(வாசகர்களே, இந்தக் கணக்கு டாக்டருக்கு உரியது. இதைப் படித்துவிட்டு நீங்களாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள்!)

இத்தனையும் ஒரு மனிதர் நினைவில் வைத்திருக்க முடியுமா? நள்ளிரவில், அவசரக் கேஸ் வரும்போது, தூக்கம் விழித்த கண்ணோடு, தப்பு இல்லாமல் சொல்ல முடியுமா?

செல்போனுக்குள் இருப்பது என்ன?

இதற்காகத்தான் "செயலி" வந்தது. செல்போனில் ரெயில் டிக்கெட் எடுக்கவும், பணம் அனுப்பவும் செயலி வைத்திருக்கிறோமே, அதுபோல டாக்டர்களுக்கு இது ஒரு செயலி.

அமெரிக்காவில் மயக்க மருந்து டாக்டர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. உடம்பின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறைகளை ஆராய்வது அதன் வேலை. சுருக்கமாக "அஸ்ரா" என்பார்கள். முதுகெலும்பில் ரத்தம் கட்டிய செய்திகள் வந்த பிறகு, 1998இல் அந்தச் சங்கத்தார் கூடிப் பேசி விதிகள் வகுத்தார்கள். புதிய மருந்துகள் வர வர, 2003, 2010, 2018 ஆகிய ஆண்டுகளில் அவற்றைத் திருத்தினார்கள். ஐந்தாவது பதிப்பு 2025இல் வெளிவந்தது.

அந்த விதிகள் முழுவதும் பல பக்கம். ஆபரேஷன் அறையில் நின்றுகொண்டு படிக்க முடியாது. ஆகவே அதே சங்கம் "அஸ்ரா கோயாக்ஸ்" என்ற செயலியை வெளியிட்டது. டாக்டர் அதில் மருந்தின் பெயரைத் தொடுகிறார். என்ன செய்யப்போகிறார் என்பதைத் தொடுகிறார். "இவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும்", "இந்தப் பரிசோதனை பார்க்க வேண்டும்" என்று பதில் வருகிறது. அமெரிக்க இதய டாக்டர்களின் கல்லூரியும், இந்த மருந்துகளை ஆபரேஷனுக்காக நிறுத்துவது பற்றி ஒரு செயலி வைத்திருக்கிறது.

இது பயன்படுகிறதா? பரீட்சை வைத்தே பார்த்தார்கள். அமெரிக்காவில் இருநூறுக்கும் மேற்பட்ட மயக்க மருந்து டாக்டர்களிடம், இந்த விதிகளைப் பற்றிக் கேள்விகள் கொடுத்தார்கள். பாதிப் பேர் கையில் செயலி. மற்றவர்களிடம் அது இல்லை. 2016இல் முடிவு வெளியாயிற்று. செயலி வைத்திருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 92 மார்க் வாங்கினார்கள். இல்லாதவர்கள் வாங்கியது சுமார் 68 மார்க்.

எல்லோரும் படித்த டாக்டர்கள்தான். அறிவில் குறைவு இல்லை. நினைவுதான் காலை வாருகிறது!

இப்போது சொல்லுங்கள். உங்கள் அப்பாவுக்கு ஊசி போட, 68 மார்க் டாக்டர் வேண்டுமா? 92 மார்க் டாக்டர் வேண்டுமா?

பஞ்சாங்கம் பார்க்காத ஜோசியர் உண்டா?

கல்யாணத்துக்கு நாள் பார்க்கப் போகிறோம். ஜோசியர் பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டுகிறார். "இவருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று எழுந்து வந்துவிடுகிறோமா? இல்லை. பஞ்சாங்கம் பார்க்காமல் வாய்க்கு வந்த தேதியைச் சொன்னால்தான் சந்தேகப்படுவோம்.

வக்கீல் சட்டப் புத்தகத்தைப் பார்க்கிறார். சர்வேயர் வரைபடத்தைப் பார்க்கிறார். மளிகைக் கடைக்காரர்கூடக் கணக்கு நோட்டைப் பார்த்துத்தான் பாக்கி சொல்லுகிறார். டாக்டர் மட்டும் எதையும் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்பது என்ன நியாயம்?

எனக்கு எல்லாம் தெரியும் என்பவர் படிப்பதை நிறுத்திவிட்டவர். இதை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுகிறேன் என்பவரை நம்பலாம்.

டாக்டர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். செல்போனை எடுத்ததும் நோயாளியின் வீட்டார் என்ன நினைப்பார்கள்? "யாருக்கோ மெசேஜ் அனுப்புகிறார்" என்று நினைப்பார்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "அம்மா, இந்த மாத்திரைக்கு எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று பார்க்கிறேன்" என்று சொன்னால் போதும். கோபம் வராது. நம்பிக்கை வளரும்.

போன வருஷத்துப் பஞ்சாங்கம்

செயலியைப் புகழ்ந்துவிட்டேன். அதன் குறையையும் சொல்ல வேண்டும்.

போன வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்து இந்த வருஷம் முகூர்த்தம் வைக்க முடியுமா? செயலியும் அப்படித்தான். வைத்திய விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

ஓர் உதாரணம். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்கள் வார்பரின் சாப்பிடுவார்கள். ஆபரேஷனுக்காக அதை நிறுத்தும்போது, இடைவெளியில் ஹெப்பாரின் வகை ஊசி போடுவது முன்பு வழக்கம். பாலம் போடுவது போல! இது தேவைதானா என்று 1,884 நோயாளிகளிடம் ஆராய்ந்தார்கள். 2015இல் முடிவு வந்தது. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும், ரத்தம் உறைந்து அடைக்கும் ஆபத்தில் வேறுபாடு இல்லை. ஊசி போட்டவர்களில் 100க்கு 3.2 பேருக்குப் பெரிய ரத்தப்போக்கு. போடாதவர்களில் 100க்கு 1.3 பேருக்கு மட்டுமே.

நல்லது என்று நினைத்துச் செய்தது, பலருக்குத் தேவை இல்லாதது என்று தெரிந்தது. பழைய விதியையே வைத்திருக்கும் செயலி, பழைய தப்பையே சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே, எந்த ஆண்டின் விதி என்பதைச் செயலி முதல் பக்கத்திலேயே காட்ட வேண்டும். காட்டாத செயலியை டாக்டர்கள் தொடக் கூடாது.

இன்னொரு குறை. செயலிக்கு விதி தெரியும். ஆளைத் தெரியாது. பெரியவர் மெலிந்திருக்கிறாரா, சிறுநீரகம் பழுதா, ஸ்டென்ட் வைத்து ஆறு வருஷமா, ஆறு வாரமா என்று அதற்குத் தெரியாது. எடை போட்டு முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தான். "செயலி சொல்லிற்று, நான் செய்தேன்" என்று நாளை அவர் கை கழுவக் கூடாது.

மூன்றாவது, நமக்கு. இந்தச் செயலியை நாமே இறக்கிக்கொண்டு, அப்பாவுக்கு மாத்திரையை நிறுத்தக் கூடாது. கத்தி நல்லதுதான். குழந்தை கையில் கொடுப்போமா?

பதில் உங்களிடம் இருக்கிறது!

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. அது செயலியின் குறை அல்ல. நம்முடைய குறை!

செயலி முதலில் கேட்பது மருந்தின் பெயர். "ரோஸ் நிறம், சின்னதாக இருக்கும்" என்று அதில் எழுத முடியாது. கோடி ரூபாய்க் கருவியாக இருந்தாலும், பெயர் தெரியாவிட்டால் அது ஊமை.

பெயர் யாருக்குத் தெரியும்? வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். கடைசியாக எப்போது சாப்பிட்டார்? அதுவும் வீட்டாருக்குத்தான் தெரியும். பெரியவரின் மனைவி அந்த அட்டையைப் பையில் போட்டுக் கொண்டு வந்தார். அந்த அம்மாள் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் அன்று பெரியவரைக் காப்பாற்றியதில் பாதிப் பங்கு அவருடையது!

ஆகவே, ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுபவர் உங்கள் வீட்டில் இருந்தால், இவற்றைச் செய்யுங்கள்:

ஒரு தாளில் எல்லா மாத்திரையின் பெயரையும் எழுதுங்கள். ஆஸ்பிரினையும் விடாதீர்கள். எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எதற்காக, எந்த டாக்டர் கொடுத்தார் என்று எழுதுங்கள். நாட்டு மருந்து, லேகியம், வலி மாத்திரை சாப்பிட்டால் அதையும் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

மாத்திரையை அட்டையிலிருந்து பிய்த்து டப்பாவில் போடுகிறீர்களா? அட்டையில் பெயர் இருக்கும் பாகத்தையும் அதே டப்பாவில் போட்டு வையுங்கள்.

பல் பிடுங்கப் போனாலும், கண் ஆபரேஷனுக்குப் போனாலும், "ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நிறுத்தச் சொன்னால், "எந்தத் தேதி முதல்?" என்று கேளுங்கள். "மறுபடி எந்தத் தேதி தொடங்க வேண்டும்?" என்றும் கேளுங்கள். நிறுத்தியவர்கள் தொடங்க மறந்துவிடுவது உண்டு. அது நிறுத்தாமல் இருப்பதைவிடப் பெரிய ஆபத்தாக முடியலாம்.

முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் முடிந்த பிறகு கவனியுங்கள். மரத்த கால் சில மணி நேரத்தில் உணர்ச்சி பெற வேண்டும். டாக்டர் சொன்ன நேரம் கடந்தும் கால் அசையவில்லையா? உணர்ச்சி வந்த கால் மறுபடி மரத்துப்போகிறதா? முதுகில் புதிதாகக் கடுமையான வலியா? சிறுநீர் போக முடியவில்லையா? "காலையில் டாக்டர் வருவார், அப்போது சொல்லலாம்" என்று இருந்துவிடாதீர்கள். நள்ளிரவானாலும் நர்ஸை எழுப்புங்கள். இங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களும் ஒன்று செய்ய வேண்டும். பரிசோதனைக்கு வருகிறவரிடம், "மாத்திரை உண்டா?" என்று கேட்டுவிட்டு "உண்டு, இல்லை" என்று எழுதிக்கொண்டால் போதாது. "மாத்திரைகளை எடுத்து வாருங்கள், பார்க்க வேண்டும்" என்று சொல்ல வேண்டும். பையைத் திறந்து பார்க்க ஒரு நர்ஸுக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் இருந்திருந்தால், எங்கள் பெரியவரின் மகனுக்கு லீவு வீணாகி இருக்காது.

பெரியவர் நடந்து வந்தார்

பெரியவர் கதை என்ன ஆயிற்று?

மறுநாள் இதய டாக்டரைப் பார்த்தார்கள். ஸ்டென்ட் வைத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது என்பதால், "ரோஸ் மாத்திரையை ஏழு நாள் நிறுத்தலாம். ஆஸ்பிரினை விடாமல் சாப்பிடுங்கள்" என்று அவர் எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. முதுகில் அதே இளம் டாக்டர்தான் ஊசி போட்டார். சாயங்காலம் பெரியவர் இரண்டு காலையும் ஆட்டிக் காட்டினார். இரண்டு நாளில் வீட்டுக்கு நடந்தே வந்து, திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

மகன் இப்போது என்ன செய்கிறான் தெரியுமா? அப்பாவின் மாத்திரைப் பெயர்களைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். அதைப் போட்டோ எடுத்துத் தன் செல்போனிலும் வைத்திருக்கிறான். "டாக்டர் அவர் செல்போனைப் பார்க்கட்டும் மாமா, நான் என் செல்போனைக் காட்டுகிறேன்" என்கிறான்!

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். தாத்தாவின் மாத்திரை டப்பாவை எடுங்கள். பாட்டியின் சுருக்குப் பையையும் பாருங்கள். ஒரு தாளும் பேனாவும் போதும்.

எழுதி வையுங்கள். இன்றே எழுதி வையுங்கள்!